நான் திருப்பிச் சொன்ன கேள்வி

அந்த வாரம் முழுவதும் என் அக்காவின் தையல் கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

அளவு கொடுக்க வந்தவர்கள், கொக்கி மாற்ற வந்தவர்கள், வெறும் ஊசி கேட்டு வந்தவர்கள் என்று யாரையும் அக்கா விடவில்லை. அளவு நாடா கழுத்தில் தொங்க, கைபேசியை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

"இது யாரு தெரியுதா? என் தங்கச்சி. மாடில இருக்காளே, அவளேதான். மொத்தமே நாலு நிமிஷம். அந்த சிஸ்டர் அப்புறம் வாயத் திறக்கல, பாருங்க."

மாடியில் இருக்கும் என் அறைக்குக் கடை வழியாகத்தான் போக வேண்டும். நான் பாடம் எடுக்கும் நிறுவனத்திலிருந்து களைத்து வந்து படியில் கால் வைத்தால் என் குரலே எனக்கு எதிரே வந்தது. மைக்கில் பேசும்போது என் குரல் இத்தனை இனிப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"டீச்சரா இவங்க? வக்கீலுக்குப் படிச்சிருக்கலாமே," என்றார் கோட்டுக்கு உள்துணி மாற்ற வந்திருந்த ஓர் அம்மாள்.

"வக்கீலுக்குக் கட்சிக்காரன் வேணும். இவளுக்கு எதிராளி இருந்தாப் போதும், சோறு தண்ணி வேணாம்," என்றாள் அக்கா.

"அக்கா, அதை அணைச்சிடு."

"ஏண்டி? என்ன, களவா செஞ்சே? பூசை முடிஞ்சு வெளிய வந்தா எல்லாரும் என் கையப் பிடிச்சிட்டுப் போறாங்க. நாப்பது வருஷமா அதே கோயிலுக்குப் போறேன், இப்பதான் நான் ஒருத்தி இருக்கேன்னே தெரிஞ்சிருக்கு."

அவள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கீழே கைபேசியில் மறுபடியும் கைதட்டல் கேட்டது.

அந்தப் படத்தை நானும் தனியாகப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு மாணவர் எடுத்தது. யாரோ தலைப்புப் போட்டுப் பரப்பியது. மூன்றாவது நிமிடத்தில் ஓர் இடம் வருகிறது. மேடையின் மறுபக்கத்தில் நிற்கும் சிஸ்டர் என்னைப் பார்க்கிறாள். அரை மூச்சு இழுக்கிறாள். பிறகு, "அதுதான் மேடம்," என்கிறாள். எத்தனை பேர் பார்த்தாலும் அந்த அரை மூச்சு யார் கண்ணிலும் படாது. என் கண்ணில் வேறெதுவும் படவில்லை.

அந்தச் சொல்லின் கனம் புரிய வேண்டுமானால் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் ஓர் இறையியல் நிறுவனத்தில் மெய்யியல் கற்பிக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. குருக்களாகப் போகிறவர்கள், கன்னியர்கள், துறவு ஏற்காத, என்னைப் போன்ற பொதுநிலையினர் சிலர் அங்கே படிக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை வாதமேடை நடக்கும். ஒருவர் ஒரு கோட்பாட்டைத் தாங்கிப் பேச வேண்டும். இன்னொருவர் எதிர்க்க வேண்டும். எதிர்ப்பவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்போம். அவர் பேசுவது அவருடைய சொந்த நம்பிக்கையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. கடவுள் இல்லை என்றுகூட வாதிடலாம். மறுநாள் காலை அதே ஆள் பூசையில் வாசகம் வாசிக்கலாம்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லும் முன்பு, அதை நம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிராளி அதைக் கேட்டு, "அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே பதில். அவர் "இல்லை" என்றால் மறுபடி சொல்ல வேண்டும். மூன்று தடவையும் தவறினால் மேடையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

முதலாண்டு மாணவர்களுக்கு இந்த விதியை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். 'எதிராளி கையில் இருக்கும் கத்தி மொண்ணையாக இருந்தால், அதைத் தீட்டிக் கொடுத்துவிட்டு அப்புறம் சண்டைக்குப் போங்கள்' என்பேன். சிந்திப்பவருக்கு வேண்டிய நற்பண்புகளைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு முழு அத்தியாயம் இந்த விதியைப் பற்றியது. மற்றவருடைய கருத்தை அதன் முழு உயரத்தில் நிறுத்திப் பார்ப்பது நீதியின் ஒரு வடிவம் என்று அதில் எழுதியிருக்கிறேன். நல்ல வாக்கியம். பரிசளிப்பு விழாக்களில் இரண்டு முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

அந்த மாதத்துத் தலைப்பு, 'விசுவாசம் ஒரு நற்பண்பா?' தாங்கிப் பேச வேண்டியவள் நான். சீட்டில் எதிர்வாதியாக வந்தவள், மாணவர்கள் 'ஆனா சிஸ்டர்' என்று கூப்பிடும் இளம் கன்னிகை. அவளுடைய எந்தக் கேள்வியும் 'ஆனா மேடம்' என்றுதான் ஆரம்பிக்கும். முப்பது வயதிருக்கும். இங்கே வருவதற்கு முன்பு மடத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். கரும்பலகையில் எழுதினால் சமக்குறிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நேராக நிற்கும்.

மேடையில் அவள் குறிப்புத்தாள் இல்லாமல் பேசினாள்.

"ஆதாரத்துக்கு மேல போய் ஒரு விஷயத்தை உறுதியா ஏத்துக்கிறது மத்த எல்லா இடத்துலயும் குறைதான். டாக்டர் செஞ்சா தப்பு, நீதிபதி செஞ்சா தப்பு. விசுவாசத்துல மட்டும் அது நற்பண்புன்னு சொல்றோம், ஏன்னா சொல்றவர் கடவுள். சரி. ஆனா, கடவுள் என் காதுல நேரா வந்து சொல்லல. அவர் சொன்னார்னு மனுஷங்க சொல்றாங்க. அப்போ நான் முதல்ல நம்புறது அவங்களைத்தான். தங்களுக்குத் தெரிஞ்சது எது, தெரியாதது எதுன்னு அவங்க பிரிச்சுச் சொன்னா, என் நம்பிக்கைக்கு நிக்க ஓர் இடம் இருக்கு. தெரியாததையும் தெரிஞ்ச குரல்லயே சொல்லிட்டாங்கன்னா, நான் நம்புறது நற்பண்பா, ஏமாளித்தனமா?"

மண்டபத்தின் முன்வரிசையில் நிறுவனத்தின் இயக்குநரும், அவளுடைய சபையின் தலைவியான மதரும், விருந்தினராக வந்த மூன்று குருக்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.

"சிஸ்டர், நீங்க சொல்றது இது. விசுவாசம் மனிதர்கள் வழியா நமக்கு வருது. மனிதர்கள் பலவீனமானவங்க, பாவிகள். அதனால அவங்க வழியா வர்ற விசுவாசத்தையும் நம்ப முடியாது. அப்படித்தானே?"

அப்போதுதான் அந்த அரை மூச்சு. அப்புறம், "அதுதான் மேடம்."

மிச்சம் எளிது. தபால்காரர் குடிகாரராக இருந்தால் அவர் கொண்டுவரும் கடிதம் பொய்யாகிவிடுமா என்று கேட்டேன். மண்டபம் சிரித்தது. குழாயில் துரு இருக்கலாம், ஊற்றில் துரு இல்லை என்றேன். கைதட்டினார்கள். நான் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். பணிவு நன்றாகவே வந்தது.

அவள் தபால்காரரின் குடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கடிதத்தில் தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்து எழுதிவிட்டு, மொத்தத்தையும் ஒரே கையெழுத்துபோல நீட்டும் தபால்காரரைப் பற்றிக் கேட்டாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? அவளுடைய கடைசிச் சொல்லுக்கும் என் முதல் சொல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளியிலேயே தெரிந்தது. தெரியாமல் செய்திருந்தால் பிழை என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஏன் செய்தேன் என்று என்னையே கேட்டபோது ஒரு காரணம் தயாராக வந்து நின்றது. இரண்டு மாதத்துக்கு முன்பு, கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார் என்ற பாடம் முடிந்து நான் பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் போன பிறகு சிஸ்டர் மேசை அருகில் வந்து, "மேடம், இந்தப் பதில் உங்களுக்குப் போதுமா?" என்று கேட்டாள். நான் திரும்பாமலே, "போதும்," என்றேன்.

அது போதவில்லை. பல வருடங்களாகவே போதவில்லை. பெரிய துக்கம் எதுவும் காரணமில்லை. ஒரு நாள் வகுப்பில் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் ஒரு கால் ஆடுவதுபோல இருந்தது. உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் அது தெரியும். நான் பூசைக்குப் போகிறேன், ஜெபிக்கிறேன், விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது நாக்குத் தடுமாறுவதில்லை. ஆனால் அந்த ஒரு பதிலை, ஆடுகிறது என்று தெரிந்துகொண்டே, ஆடாத குரலில் ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். மேடையில் அவள் கேட்டது என்னைத்தான் என்று பட்டது. எல்லோர் முன்னிலும் என் முந்தானையைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது.

வாதமேடை முடிந்த ஐந்தாம் நாள் இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். சர்க்கரை நோயாளி; தன் மேசையில் மற்றவர்களுக்காக ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருப்பார், நாம் எடுக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"டீச்சர், ஒரு சின்ன விஷயம். நம்ம ஆனா சிஸ்டரை மதர் படிப்பிலிருந்து நிறுத்தி வச்சிருக்காங்க."

"எதுக்கு ஃபாதர்?"

"அந்த வீடியோ. ஊர் பூரா சுத்துது இல்ல? 'எங்க சபைப் பொண்ணு மேடை ஏறி குருக்களையெல்லாம் பாவிங்கன்னு சொன்னா'ன்னு அவங்களுக்கு வருத்தம். சனிக்கிழமை அவங்க ஆலோசனைக் குழு கூடுது. அதுக்குள்ள நீங்க ஒரு பக்கம் எழுதித் தரணுமாம், சிஸ்டரோட மனநிலையைப் பத்தி."

"அவங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்தானே பாக்கி?"

"அதான். இப்ப நிறுத்தினா நிறுத்தினதுதான். நீங்க நாலு வரி எழுதுங்க. இளவயசு, ஆர்வக்கோளாறு, வழிகாட்டினா சரியாயிடுவாங்க, இப்படி. யாருக்கும் சேதமில்லை. பிஸ்கட் எடுங்க."

"ஃபாதர், அவங்க கேட்டது அது இல்ல."

"எது இல்ல?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்.

"ஒண்ணுமில்ல ஃபாதர். எழுதித் தர்றேன்," என்று சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். 'சகோதரி கூர்மையான அறிவு உடையவர். சில வேளைகளில் அவருடைய ஆர்வம் கேள்வியின் எல்லையைக் கடந்துவிடக்கூடும்.' ஒவ்வொரு வாக்கியத்தையும் யார் கேட்டாலும் தாங்கிப் பேச என்னால் முடியும். எல்லாம் சேர்ந்த பக்கம் பச்சைப் பொய். நான்கு தாள்களைக் கிழித்தேன். ஐந்தாவதைக் கிழிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்தேன். அதையும் ஒளிக்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

மறுநாள், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் கோயிலுக்குப் போகவில்லை. பேருந்தில் அரை மணி தூரத்தில், என்னை யாருக்கும் தெரியாத ஒரு கோயிலுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஏழு பேர் வரிசையில் இருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். அதுதான் வினை. என் முறை வந்தபோது முழங்காலிட்டு, "ஒரு விவாதத்துல எதிராளியோட கருத்தை முழுமையா எடுத்துச் சொல்லத் தவறிட்டேன்," என்றேன்.

வலைத்தட்டியின் மறுபக்கம் குருவின் இளம் குரல். "ஸ்கூல் டீச்சராம்மா?"

"ஆமா ஃபாதர், அந்த மாதிரிதான்."

"சின்ன விஷயத்துக்கு ரொம்ப மனசு கஷ்டப்படாதீங்க. அடுத்த தடவை கவனமா இருங்க." மூன்று மங்கள வார்த்தை ஜெபம் பரிகாரமாகக் கொடுத்தார்.

மூன்றையும் சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் செருப்பைத் தேடும்போதுதான் உறைத்தது. தவறிட்டேனாம். பேருந்தைத் தவறவிட்ட மாதிரி. சிஸ்டருடைய கேள்வியைப் பதில் சொல்ல வசதியாக எப்படி இளைக்கவைத்தேனோ, அப்படியே என் பாவத்தையும் மன்னிக்க வசதியாக இளைக்கவைத்து அந்த இளைஞர் கையில் கொடுத்திருக்கிறேன். அவரும் பாவம், "அதுதான்" என்று வாங்கிக்கொண்டார். இப்படி வாங்கிய மன்னிப்பின் மதிப்பு என்ன என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நானே பாடம் எடுக்கிறேன். முகம் காதுவரை எரிந்தது. படியில் உட்கார்ந்திருந்த ஒருவர், "தலை சுத்துதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் படியிலேயே இன்னொரு பொய்.

வெள்ளிக்கிழமை மதியம் மடத்துக்குப் போனேன். வாசல் மணி அடித்ததும் கதவைத் திறந்த வயதான சிஸ்டர், "படத்துல பாத்ததைவிட நேர்ல ஒல்லியா இருக்கீங்க," என்றாள். பிறகு பின்கட்டுக்கு வழி காட்டினாள். நிறுத்தி வைக்கப்பட்டதிலிருந்து ஆனா சிஸ்டருக்கு, பூசையில் கொடுக்கும் ஓஸ்தி அப்பம் தயாரிக்கும் அறையில் வேலை.

நீளமான வெள்ளை அறை. ஒரு மூலையில் இரண்டு இரும்புத் தட்டுகள் கொண்ட மின் அச்சு. சிஸ்டர் உடுப்பின் மேல் முரட்டு மேலாடை கட்டி, கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் கரைத்த கரைசலைக் கரண்டியால் தட்டில் ஊற்றி மூடினாள். ஓரங்களில் ஆவி சீறிற்று. மேசையில் காகிதம்போல மெல்லிய வெள்ளைத் தகடுகள் ஈரத்துணிக்குள் பதப்படக் காத்திருந்தன. வெட்டும் கருவி பக்கத்தில் இருந்தது. வட்டங்கள் ஒரு டப்பாவில், உடைந்தவை வேறொன்றில்.

"வாங்க மேடம். அந்த ஸ்டூல்ல மாவு இருக்கும், தொடைச்சிட்டு உக்காருங்க."

"சிஸ்டர், நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"ஒரு நிமிஷம், இது ஒட்டிக்கும்." தட்டைத் திறந்து தகட்டை நுனிவிரலால் எடுத்து மேசையில் கிடத்தினாள். "சொல்லுங்க."

"அன்னிக்கு நீங்க சொன்னதை நான் மாத்திச் சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா 'அதுதான்'னு சொன்னீங்க? மதர் முன்னால இருந்தாங்கன்னா?"

அவள் சிரித்துவிட்டாள். "மதருக்குப் பயந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேனே." கரண்டியை வைத்துவிட்டுக் கையை மேலாடையில் துடைத்தாள். "உங்க மேலுதட்டுல வேர்த்திருந்தது மேடம். நான் இல்லைன்னு சொன்னா நீங்க மறுபடி சொல்லணும். அப்பவும் இல்லைன்னா இன்னொரு தடவை. அத்தனை பேருக்கு முன்னால. பாவமா இருந்துச்சு."

ஒரு வாரமாக நான் அந்த அரை மூச்சை எத்தனையோ விதமாகப் படித்திருந்தேன். பயம் என்று, மரியாதை என்று, கீழ்ப்படிதல் என்று. அது இரக்கம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என் வெற்றி அவள் போட்ட பிச்சை. அதை வாங்கிக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் வாயையே அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"இப்போ சரியாச் சொல்றேன் சிஸ்டர். கேளுங்க." குரலை நிதானப்படுத்திக்கொண்டேன். "ரெண்டு மாசம் முன்னாடி, இந்தப் பதில் உங்களுக்குப் போதுமான்னு என்கிட்ட கேட்டீங்க. போதும்னு சொன்னேன். அது பொய். பொய்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதைத்தான் மேடைல வேற மாதிரி கேட்டீங்க. எனக்கே நிக்காத பதிலை நிக்கிற மாதிரி சொல்லிக் குடுக்கிற என்னை மாதிரி ஆளுங்களை நம்புறது எப்படி நற்பண்பாகும்னு."

"இல்ல மேடம்."

"இல்லையா?"

"போதும்னு சொன்னீங்களா? நான் அப்படிக் கேட்டது எனக்கு ஞாபகமே இல்ல." அவள் முகத்தில் கேலி இல்லை, உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "நிறையப் பேர்கிட்ட நிறையக் கேக்குறேன் இல்ல."

அச்சு மறுபடி சீறிற்று. நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாளும் என்னை அரித்த அந்தப் 'போதும்' அவளிடம் ஒரு தூசியாகக்கூடத் தங்கவில்லை. என் குற்ற உணர்விலும் நான் என்னையே நடுவில் உட்கார வைத்திருந்தேன்.

"அப்போ யாரைப் பத்திக் கேட்டீங்க?"

"என்னைப் பத்தி." வெட்டும் கருவியை எடுத்து, பதமான தகடு ஒன்றை விரித்தாள். வெட்டிக்கொண்டே பேசினாள். "ஞாயித்துக்கிழமை சின்னப் பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி. அவ தம்பி பொறந்து மூணாம் நாள் இறந்துட்டான். 'தம்பி இப்போ எங்க சிஸ்டர்?'னு கேட்டா. கடவுள்கிட்ட இருக்கான்னு சொன்னேன். அதை நான் நம்புறேன் மேடம், அதுல எனக்குக் குழப்பமில்லை. ஆனா அவ விடல. 'என்ன பண்றான்?' விளையாடுறான்னேன். 'யாரு கூட?' வானத்துச் சம்மனசுங்க கூடன்னேன். 'என்ன விளையாட்டு?' அதுக்கும் ஒண்ணு சொன்னேன். 'யாரு ஜெயிப்பா?' தம்பிதான்னு சொன்னேன். சந்தோஷமா ஓடிப்போயிட்டா."

வட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.

"முதல்ல சொன்னது எனக்குக் குடுக்கப்பட்டது. மிச்சமெல்லாம் நானே போட்டது. ரெண்டையும் ஒரே குரல்ல சொன்னேன். அவ வளருவா. விளையாட்டு பொய்னு ஒரு நாள் தெரியும். அன்னிக்கு, கடவுள்கிட்ட இருக்கான்ங்கிறதையும் சேத்துத்தானே தூக்கிப் போடுவா? சீட்டுல என் பேர் வந்ததும், சரி, இதையே கேட்ருவோம்னு கேட்டேன். உங்களை மடக்க இல்ல மேடம். நீங்க இவ்வளவு படிச்சவங்க. உதவிதான் கேட்டேன்."

எனக்கு உடனே நாலைந்து விடைகள் தோன்றின, பழக்கத்தால். உருவகத்துக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாடு. குழந்தையின் புரிதலுக்கேற்ற மொழி. ஒன்றையும் சொல்லவில்லை. உதவி கேட்டு நீட்டிய கையைத் தட்டிவிட்டுக் கைதட்டல் வாங்கியவள் நான்.

"நான் மதரைப் பாக்கப் போறேன்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"உங்க விசுவாசத்துல குறையில்ல, எங்க எல்லாரையும்விட நீங்கதான் ஆழமா..."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அதுவும் நான் இல்ல. நான் சொன்னதைச் சொல்லுங்க, நீங்க செஞ்சதைச் சொல்லுங்க. அவ்வளவுதான்." பிறகு கொஞ்சம் தணிந்து, "எனக்குப் படிப்பை முடிக்கணும் மேடம். ரொம்ப ஆசை. அதனாலதான் சொல்றேன், தப்பா சொல்லிக் காப்பாத்தாதீங்க," என்றாள்.

மதர் முப்பது வருடம் அறுவைச் சிகிச்சை அறையில் செவிலியாக இருந்தவர். வரவேற்பறை நாற்காலியில் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, வழவழவென்று பேசினால் பிடிக்காது என்பது முகத்திலேயே தெரிய உட்கார்ந்திருந்தார். பைக்குள் அந்த ஐந்தாவது தாள் இருந்தது. எடுக்கவில்லை. சிஸ்டர் மேடையில் சொன்னதைச் சொன்னேன். அந்தச் சிறு பெண்ணின் கதையைச் சொல்ல அனுமதி வாங்கவில்லை என்பதால் அதை விட்டுவிட்டேன். உவமை எதுவும் சேர்க்கவில்லை. பிறகு நான் திருப்பிச் சொன்னதைச் சொன்னேன்.

மதர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"அவ கேட்டது நீங்க சொன்னதைவிடக் கஷ்டமான கேள்வி."

"ஆமா மதர்."

"பதில் இருக்கா?"

"பாதி இருக்கு. மீதி என்கிட்ட இல்ல."

"கேள்வி கேட்டதுக்காக நான் அவளை நிறுத்தல. பாவிங்களைக் காட்டித் திருச்சபையைக் கேவலப்படுத்தினான்னு நெனச்சு நிறுத்தினேன். நானும் அங்கதான் இருந்தேன், ஆனா நீங்க அப்படிச் சொல்லி அவளும் 'அதுதான்'னதும் அப்படி நெனச்சேன்." என் முகத்தை நேராகப் பார்த்தார். "சரியாப் புரியாம சொல்லிட்டீங்களா?"

கதவு அங்கேயே திறந்திருந்தது. 'ஆமாம் மதர், அந்தப் பரபரப்பில்' என்று சொன்னால் போதும். அவரே விரும்பி நீட்டிய வழி அது. சிஸ்டருக்கும் அதனால் ஒரு குறையும் வராது. வாய் அந்தப் பக்கம் திரும்பியதை என்னால் உணர முடிந்தது.

"இல்ல மதர். புரிஞ்சுது. தெரிஞ்சேதான் மாத்தினேன்."

"எழுதிக் குடுங்க."

மேசையிலிருந்த வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். பத்து வரியில் எழுதினேன். மதர் வாசித்தார். மணியடித்து சிஸ்டரை வரவழைத்து, "நீயும் படி," என்று அவள் கையில் கொடுத்தார்.

அவள் நின்றுகொண்டே, விடைத்தாள் திருத்துவதுபோல மெதுவாகப் படித்தாள். கையில் காய்ந்த மாவு இருந்ததால் தாளை ஓரத்தில் பிடித்திருந்தாள். ஓரிடத்தில் நின்று, மறுபடி படித்தாள்.

"மேடம், இந்த வரி." தாளை என் முன்னால் வைத்துக் காட்டினாள். 'பெரிய சபையின் முன்னிலையில் ஏற்பட்ட அச்சத்தினால்' என்று எழுதியிருந்தேன். "இது உண்மைதான். ஆனா இது நடந்ததைச் சொல்ற வரி இல்ல. உங்களுக்காக வாதாடுற வரி. இது வேணுமா?"

நான் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். அடித்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.

"திங்கக்கிழமையிலிருந்து நீ வகுப்புக்குப் போ," என்றார் மதர் அவளிடம். "குழுகிட்ட நான் சொல்லிக்கிறேன்." சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தாள். நன்றி என்று மதரிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எங்கே முகத்தை வைத்துக்கொண்டிருப்பேனோ. "அச்சு சூடா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழப் போனேன். மதர் இன்னொரு தாளை எடுத்து வைத்தார்.

"அடித்தல் திருத்தல் இல்லாம ஒண்ணு எழுதுங்க. உங்க இயக்குநருக்கு. அதை நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. அந்த மண்டபத்துல இருந்தவங்களுக்கும் தெரியணும் இல்ல?"

"தெரியணும் மதர்."

முதல் தாளை எழுதும்போது கையில் ஒரு சூடு இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்ற சூடு. அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்திருக்கும். இரண்டாவதில் அது இல்லை. பார்த்து எழுதுவதுதான். மதர் எதிரே உட்கார்ந்து வேறு ஏதோ கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். 'சகோதரி எழுப்பிய கேள்வியை, அதன் பொருள் எனக்குத் தெளிவாக விளங்கியிருந்தும்' என்று எழுதினேன். 'தெரிந்தே' என்று எழுதினேன். அடுத்து அந்த அடித்த வரி வரவேண்டிய இடம். பேனா அங்கே ஒரு கணம் நின்றது. எழுத ஒன்றுமில்லை. அதைத் தாண்டி அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.